கூலியும் திரும்பும் வழியும்

கடுமையான இடத்திலே கடுமையான தொழில். ஆனால் கூலியோ மிக அதிகம். அதனை ஏற்பதா, விடுவதா? இவ்வினாவைத் தனிமனிதன் ஒருவனின் வரவுசெலவுக் கணக்கு என்றே பலரும் கொள்கின்றனர். போகிறவனைப் பேராசைக்காரன் என்று ஒரு சாராரும், துணிந்தவன் என்று மற்றொரு சாராரும் தீர்ப்பளித்துவிட்டு அமைதி கொள்கின்றனர். இவ்விரு தீர்ப்புகளும் பொருந்தா என்பதே என் கருத்து.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற இளைஞன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்தான். வெல்டிங் தொழில் பழகியவன். வளைகுடா நாடொன்றின் பாலைவனத்திலே எண்ணெய்க் குழாய் பதிப்போர் தங்கும் முகாமில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. நகரத்திலிருந்து பல மணிநேரப் பயணம், இரண்டாண்டு ஒப்பந்தம், இங்கே பெறும் கூலியைப்போல் ஐந்து மடங்கு சம்பளம். “போகட்டோ சேர், விடட்டோ?” என்று கேட்டான். தந்தை இல்லை. தாயின் நகைகள் அடகில் இருக்கின்றன. தங்கை பல்கலைக்கழகத்திற் படிக்கிறாள். “காசு பெரிதல்ல, தம்பி” என்ற சொல் என் நாவரை வந்து நின்றுவிட்டது. மாதந் தவறாத சம்பளமும், முதுமையில் ஓய்வூதியமும் உறுதியாகப் பெற்ற ஆசிரியன் ஒருவன் அதைச் சொல்வதற்கு என்ன தகுதி உடையவன்?

பொருள்வயிற் பிரிவைத் தொல்காப்பியம் முதற்கொண்டே பேசிவந்த மரபு நம்முடையது. பாலைத் திணைப் பாடல்கள் பலவற்றில் தலைவன் தன் நெஞ்சோடு வழக்காடுகிறான்; போவதா, தங்குவதா என்று அலைகிறான். அப்பாடல்களைக் காதலின் அழகுக்காக மட்டும் வகுப்பறையிற் கற்பித்து முடித்துவிடுகிறோம். பாலைக்கென்று தனி நிலம் இல்லை. மழை பொய்த்து வளங்குன்றிய மலையும் காடுமே பாலையாகின்றன என்ற சிலப்பதிகாரக் கருத்தை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். என் மாணவன் வளைகுடாவுக்குச் சென்றுதான் பாலையைக் காணப்போகிறான் என்பதில்லை. அவன் ஊரே அவனுக்குப் பாலையாகிவிட்டது. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று இந்நாடு அறிவித்த 2022 ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் பிறநாட்டு வேலை தேடிப் புறப்பட்டனர். இத்தனை பேரும் ஒரே ஆண்டிற் பேராசைக்காரராகிவிட்டனர் என்று எவர் சொல்வார்?

ஆயின், உயர்ந்த கூலி கடுமையை ஈடுசெய்துவிடுமா? பொருளியல் அறிஞர் அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட தம் நூலில், வருத்தமும் அழுக்கும் மிகுந்த தொழிலுக்குக் கூலி கூடும் என்று விளக்கினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சாதாரணக் கூலியைப்போல் நியூகாசிலில் இரு மடங்கும், ஸ்கொத்லாந்தின் பல பகுதிகளில் மும்மடங்கும் அவன் பெற்றான் என்கிறார். கூலி இவ்வாறு உயர்ந்திருந்த அதே ஸ்கொத்லாந்தில், 1606 இல் ஏற்பட்ட சட்டத்தின் வழியாகச் சுரங்கத் தொழிலாளர் சுரங்கத்தோடு கட்டுண்டு கிடந்தனர். அக்கட்டு 1775 இல் தளரத் தொடங்கி 1799 இலேயே முற்றாக நீங்கியது. மும்மடங்கு கூலி பெற்றவன் வெளியேறும் உரிமை பெற்றிருக்கவில்லை. பின்னர் 1848 இல் ஜோன் ஸ்ருவட் மில் இன்னொரு உண்மையைச் சுட்டினார்: மெய்யாகவே உடலை உருக்கும் தொழில்களுக்கே மிகக் குறைந்த கூலி கிடைக்கிறது, ஏனெனில் வேறு வழியில்லாதவரே அவற்றைச் செய்கின்றனர்.

ஆகவே கடுமை என்ற ஒரே சொல்லுக்குள் இருவேறு பொருள்களை நாம் அடக்கிவிடுகிறோம். ஒன்று இயற்கை தரும் கடுமை. வெயில், குளிர், கடல், தொலைவு, தனிமை ஆகியவை அத்தகையன. இவற்றை அறிந்து, தன் உடல்வலிமையை எண்ணி, உற்றாரோடு கலந்து, ஒருவன் விலைபேசி ஏற்கலாம், அதில் இழிவில்லை. மற்றது மனிதர் செய்யும் கடுமை. கடவுச்சீட்டைப் பறித்து வைத்தல், கடனிற் பிணித்தல், இடையில் விலகுவோனைக் குற்றவாளியாக்கல் ஆகியவை அவ்வகையின. இவற்றுக்கு எவ்வளவு கூலியும் ஈடாகாது. திரும்பும் வழியை விற்றவன் தான் பெற்ற விலையைப் பற்றியும் பின்னர் பேசமுடியாதவனாகிறான்.

இதை அறிய நாம் ஸ்கொத்லாந்துக்குப் போகவேண்டியதில்லை. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். எனினும், எஞ்சியோருட் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனோடு தொழிலாளியும் மலையிலே நிலைகொள்ள நேர்ந்தது. கங்காணியிடம் பெற்ற முற்பணம் கழுத்தைச் சுற்றியது. தோட்டம் மாறவேண்டுமாயின், கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவருக்கு இவனை விடுவிப்போம் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். அத்துண்டுமுறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலைக்குளிரை எச்சட்டமும் மாற்றியதில்லை. துண்டை மாற்ற முடிந்தது.

கட்டாரிலும் இதுவே நிகழ்ந்தது. முதலாளியின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்ற விதி 2018 இற் பெரும்பாலான தொழிலாளருக்கும், 2020 இல் வீட்டுப் பணியாளர் முதலியோருக்கும் நீக்கப்பட்டது. 2021 இல், ஜூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 மணிவரை திறந்தவெளியில் வேலைவாங்குதல் தடைசெய்யப்பட்டது. சூரியனைத் தணிக்க இயலாவிடினும் சூரியனின் கீழ் மனிதனை நிறுத்தும் நேரத்தைக் குறைக்க இயலும். இயற்கையின் குற்றம் என்று நாம் சுமந்தவற்றில் எவ்வளவு மனிதரின் குற்றம் என்பதை இவை உணர்த்துகின்றன.

என் மாணவனின் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். சம்பளம் தெளிவாக இருந்தது. விடுமுறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இடையில் விலகினால் பயணச் செலவையும் முகவரின் கட்டணத்தையும் தொழிலாளியே திருப்பித் தரவேண்டும் என்றிருந்தது. கடவுச்சீட்டைப் பாதுகாப்புக்காகக் கம்பனியே வைத்திருக்கும் என்று முகவர் வாய்மொழியாகக் கூறினாராம். “வெயிலுக்குப் பயப்படாதை, தம்பி. ஆனால் இந்தத் தாளிலை கையெழுத்து வைக்காதை” என்றேன்.

அவன் வைக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அந்த இடத்துக்குப் பக்கத்து ஊர் இளைஞன் ஒருவன் சென்றுவிட்டான். என் மாணவனின் தாயார் வழியிற் கண்டு, “மாஸ்டர், உங்கட தம்பியெண்டா இப்பிடிச் சொல்லியிருப்பியளோ?” என்று கேட்டார். சொல்லியிருப்பேன் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த நகைகள் இன்னும் அடகிலேயே இருக்கின்றன என்பதை நான் மறப்பதற்கில்லை. நான் காத்தது ஒருவனை. அதே தாளில் மற்றொருவனின் கையெழுத்து விழுந்துவிட்டது.

தனிமனிதனின் நல்லறிவு இதற்குமேற் செல்லாது. தாய்மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தம், தொழிலாளியின் கையிலேயே இருக்கும் கடவுச்சீட்டு, கடன்படாது திரும்பும் உரிமை ஆகிய மூன்றையும் புறப்படுவோர் அனைவரும், அவர்களுக்காக நாம் அனைவரும் கேட்டாக வேண்டும். அவை உறுதியான பின்னர், பாலைக்குப் போவதா வேண்டாவா என்பதை அவனும் அவன் வீட்டாரும் தீர்மானித்துக்கொள்ளட்டும். அப்பொழுதுதான் அது தீர்மானம் என்ற பெயருக்கு உரியதாகும்.