கூடு கட்டிய குளவியும் நம் பொறுப்பும்

அருள்மறையின் 16-வது அத்தியாயத்திற்குத் தேனீயின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டுகின்றவற்றிலும் கூடமைக்கும்படி அல்லாஹ் அதற்கு உணர்த்தியதை 'அந்நஹ்ல்' அத்தியாயத்தின் 68-வது வசனம் அறிவிக்கிறது. நம் வீட்டுச் சுவரில் வந்தமைந்த கூடும் அவனுடைய ஏற்பாட்டில் உள்ளதே. ஆனால் அதனால் மனித உயிருக்கு ஆபத்து என்றால் நாம் செய்ய வேண்டியது யாது?

சரபங்கா நதி பாயும் நம் ஓமலூர்ப் பகுதியில் தென்னையும் பனையும் அதிகம். மரத்திலும், தாழ்வாரத்திலும், கடைப் பெயர்ப் பலகைக்குப் பின்னாலும் குளவியோ, விஷ வண்டு எனப்படும் கதண்டோ கூடு கட்டினால் நம்மில் சிலர் உடனே தீப்பந்தத்தைத் தூக்குகிறோம். சிலர் கண்டும் காணாதது போல் இருந்து விடுகிறோம். இரண்டுமே தவறு.

எறும்புப் புற்றொன்றைத் தோழர்கள் எரித்திருந்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பால் வேதனை செய்யும் உரிமை நெருப்பின் இரட்சகனுக்கே உண்டு எனக் கண்டித்தார்கள். தேனீயைக் கொல்வதையும் தடுத்தார்கள். இவ்விரண்டும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. குளவி தீங்கிழைப்பது என்பதால் அதைக் கொல்ல உலமாக்கள் அனுமதித்துள்ளனர். ஆயினும் அதன் தீங்கை அஞ்சும்போது எரிப்பதைவிடப் புகையிடுவதே தமக்கு உவப்பானது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தில் மட்டும் எரிக்கலாம் என்றோரும் உண்டு.

பயிற்சியில்லாதவர் புகையுடன் நெருங்குவதும் ஆபத்தே. நசுங்கிய ஒரு குளவியின் வாடை மற்றவற்றைப் போருக்கு அழைத்துவிடும். எனவே 101-க்குத் தொலைபேசி செய்து தீயணைப்புத் துறையினரை அழைப்பதே முறை. தேன்கூடாக இருந்தால் தேனெடுப்பதில் தேர்ந்தவரைக் கொண்டு அப்புறப்படுத்தலாம்.

இனி, பாராமுகத்தின் தீங்கைக் கவனியுங்கள். தென்னையில் கதண்டு இருப்பதை அறிந்திருந்தும், சொன்னால் ஏற மறுப்பாரே என்று மறைத்துக் கூலியாளை மரத்தில் ஏற்றுகிறவர் எத்தகைய அநீதி செய்கிறார்! முப்பதடி உயரத்தில் கூட்டமாகக் கொட்டினால் அவர் எங்கே ஓடுவார்? அவருடைய பிள்ளைகளுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? பாதையிலுள்ள ஒரு முள்ளை அகற்றுவதே ஈமானின் கிளை என்றால், மனிதனின் உயிரைக் காக்கும் ஒரு வார்த்தையை அடக்கிக் கொள்வது எதன் கிளை?

முத்தவல்லிகளும் கபரஸ்தான் மரங்களைக் கவனிக்க வேண்டும். ஜனாஸாவுக்குக் கூடியவர்கள் ஏற்றும் ஊதுபத்தியின் புகை தேனீக்களைக் கிளப்பிவிடக் கூடும்.

தாய்மார்களே! தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கிவிடும், உடனே அகற்றுங்கள். குளவி பலமுறை கொட்டும். உதடோ முகமோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், மயக்கம் வந்தாலும் சுண்ணாம்பு தடவிக் காத்திராதீர்கள்; 108-ஐ அழையுங்கள். பல இடங்களில் கொட்டுப்பட்டவருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே அவர் தெளிவாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓதிப் பார்ப்பதும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சின்னஞ்சிறு படைப்பிடத்தும் வரம்பு மீறாமல், சக மனிதனுக்கும் தீங்கு நேர விடாமல் வாழ வல்ல அல்லாஹ் நம்மனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.