முன்பின் தெரியாதவரிடம்

தமிழில் ஒருவரிடம் பேச வாயெடுத்தால், அவர் நமக்கு யார் என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். 'வந்தாயா' என்று கேட்கலாம், 'வந்தீர்களா' என்று கேட்கலாம். இன்றைய பேச்சில் நடுவில் ஒன்று பெரும்பாலும் கிடையாது. அவரைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லும்போது வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. வயது, மதிப்பு, ஆணா பெண்ணா என்பதெல்லாம் வினைமுற்றின் கடைசி ஓரெழுத்து ஈரெழுத்துக்குள் வந்துவிடுகிறது. வீட்டுக்குள் இது கஷ்டமில்லை, உறவுமுறை தீர்த்துவைத்துவிடும். தெரியாத முகத்தின் முன்னால்தான் விகுதி கனக்கிறது.

உளுந்தூர்பேட்டை தெரியாத முகங்களின் ஊர். சென்னை – திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற இடம். கள்ளக்குறிச்சிக்கும் விருத்தாசலத்துக்கும் திருக்கோவிலூருக்கும் விழுப்புரத்துக்கும் போகிறவர்கள் இங்கே இறங்கி வேறு பஸ் ஏறுகிறார்கள். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் மறுபடி பார்க்கப்போவதில்லை. ஆனாலும் பேசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

*

பஸ் ஸ்டாண்ட் திண்ணையில் ஒரு பெரியவர். பக்கத்தில், காலேஜ் படிக்கிற வயதில் ஒரு பெண், மடியில் பெரிய பை.

"எங்க போவணும்?"

"சின்னசேலம்."

"டிக்கெட்டுக்குச் சில்லறை வச்சிக்கணும். சாப்புட்டாச்சா?"

"ஆச்சு. சேலம் பஸ்ஸு இங்கதான் நிக்குங்களாய்யா?"

"இங்கதாம்மா நிக்கும். நீ உக்காரு, வந்தா நான் சொல்றேன்."

மூன்று வாக்கியம்வரை பெரியவர் 'நீ' என்றும் சொல்லவில்லை, 'நீங்க' என்றும் சொல்லவில்லை. 'நீ' என்றால் எடுத்த எடுப்பில் உரிமை கொண்டாடுவதாகும். மகள் வயதுப் பெண்ணை 'நீங்க' என்றால் தள்ளி உட்கார்ந்துகொண்டதாகும். அதனால் 'போவணும்' என்றார், 'சாப்புட்டாச்சா' என்றார். 'வேண்டும்' யாருக்கும் பொது. 'ஆச்சு' என்பது முடிந்த வேலையைச் சொல்கிறது, முடித்த ஆளை அல்ல. எழுவாய்க்கு இடமே வைக்காமல் ஒருவரைக் கனிவாக விசாரிக்க முடிகிறது. இதை நழுவல் என்று நான் நினைக்கவில்லை. எதிரில் இருப்பவர் தன்னை எப்படி அழைக்க விரும்புகிறார் என்று தெரியும்வரை காத்திருக்கிற மரியாதை இது.

அவள் 'ஐயா' என்றதும் காத்திருப்பு முடிந்தது. 'அம்மா' வந்தது, அதன் பின்னால் 'நீ' வந்தது. முன்னால் ஓர் 'அம்மா' போட்டுவிட்டதால் அந்த 'நீ' உறுத்தவில்லை.

சேலம் பஸ் வந்தது. "வரேங்கய்யா" என்று ஏறினாள். "போய்ட்டு வாம்மா" என்றார்.

*

கண்டக்டர்களின் இலக்கணம் வேறு. "கள்ளக்குறிச்சியெல்லாம் ஏறு, ஏறு! உள்ள போ, உள்ள போ!" படியில் ஐம்பது பேர் தொங்கினாலும் வினை ஒருமையில்தான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அது யாருடைய முகத்தையும் பார்த்துச் சொன்னதல்ல. அதே கண்டக்டர் ஒரே ஒரு ஆளிடம் திரும்பும்போது, "அம்மா, கொஞ்சம் நவுந்துக்குங்க" என்கிறார். பலருக்கு ஒருமை, ஒருவருக்குப் பன்மை. பள்ளிக்கூடத்தில் படித்த ஒருமை பன்மை இங்கே தலைகீழாகிவிடுகிறது. கேட்கிறவர் அத்தனை பேருக்கும் அது சரியாகவே புரிகிறது.

தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல். இலக்கணப்படி பார்த்தால் அது சொல்லும் முறையல்ல என்று கிளவியாக்கத்தில் சொல்லிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். மரியாதை இலக்கணத்தின் கட்டளையால் வருவதில்லை, மனிதர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது என்று நான் இதைப் படிக்கிறேன். எச்சவியலில் இன்னொன்று சொல்கிறார்: ஒன்றைத் தரும்படி கேட்பவன் தாழ்ந்தவனானால் 'ஈ', சமமானால் 'தா', உயர்ந்தவனானால் 'கொடு'. இன்று டீக்கடையில் எல்லாரும் 'குடு'தான். தராதரம் வினையடியை விட்டுக் கிளம்பி வாலில் போய் உட்கார்ந்துகொண்டது: குடு, குடுங்க, குடுடா.

இதன் இன்னொரு பக்கத்தையும் எழுதியாக வேண்டும். தலை முழுக்க நரைத்த ஒருவர் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார். மீசை அரும்பாத பையன் "இங்க வா, இத தூக்கு" என்கிறான். "தோ வரேங்க" என்கிறார் அவர். ஒரு பக்கம் மொட்டையாக 'வா', மறுபக்கம் 'ங்க'. வயது தரவேண்டிய விகுதியைச் சாதியோ கூலியோ பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மரியாதைப் பன்மை வெறும் வழக்குதான் என்றால், அது கிடைக்காமல் போனவருக்கு மறுத்தது தமிழ் அல்ல, பக்கத்தில் நின்ற ஆள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

*

எழுவாயைப் போலவே விடையையும் நேராகச் சொல்லாமல் விடலாம். நன்னூலை எழுதிய பவணந்தியார் விடை எட்டு வகை என்கிறார். சுட்டு, மறை, நேர் என்று நேராகப் பதில் சொல்பவை மூன்றுதான். மற்ற ஐந்தும் சுற்றி வருபவை: நீயே செய் என்பது, திருப்பிக் கேட்பது, தனக்கு நேர்ந்ததைச் சொல்வது, இனி நேரப்போவதைச் சொல்வது, இனமான வேறொன்றைச் சொல்வது. "இந்த பஸ் ஆத்தூர் போவுமா?" "கள்ளக்குறிச்சி போவும்." 'போகாது' என்ற சொல் எங்கும் இல்லை. கேட்டவர் ஏமாறவுமில்லை, ஒதுங்கி அடுத்த பஸ்ஸைப் பார்க்கிறார். எட்டில் ஐந்தை இப்படிப்பட்ட பதில்களுக்கு ஒதுக்கிய பவணந்தியார், சந்தையிலும் தெருவிலும் காது கொடுத்து நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

*

சித்திரையில் இந்த பஸ் ஸ்டாண்டின் பேச்சு மாறிவிடும். உளுந்தூர்பேட்டை வட்டத்தில்தான் கூவாகம் இருக்கிறது. கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். கூத்தாண்டவரான அரவானுக்கென்று தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுத்து அழுகிறார்கள். அந்த நாட்களில் விகுதி எல்லாருடைய வாயிலும் தடுமாறுவதைக் கேட்கலாம்.

தடுமாற அவசியமில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்கிய உடனேயே, நான்காம் நூற்பாவில், ஆண்மை திரிந்த பெயர் பேசப்படுகிறது. அதற்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே அது வழங்கும் என்கிறார் தொல்காப்பியர். இதே விதியை அதே நூற்பாவில் தெய்வப் பெயருக்கும் சொல்கிறார். கூவாகத்தை நினைத்துக்கொண்டு அந்த நூற்பாவைப் படித்தால், அடுத்தடுத்த அடிகளில் நிற்கும் அந்த இருவரையும் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. சற்றுத் தள்ளி, அப்பெயருக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறார். நன்னூல் ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பால் என்கிறது. ஆனால் அடுத்த அடியிலேயே அஃறிணை போலவும் வரலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. தெருவில் கேட்கிற 'அது வருது பாரு' அந்தக் கதவு வழியாக வருவது. நன்னூல்மேல் எனக்கு இருக்கும் பெரிய மதிப்புக்கு நடுவே அந்த ஓரடி முள்ளாகத் தைக்கிறது.

அரசு 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. தன் பால் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 'திருநங்கை' என்ற பெயர்ச்சொல் ஊரில் ஊன்றிவிட்டது. வினைச்சொல்தான் பின்தங்கி வருகிறது. பெயரை யோசித்துச் சொல்கிறோம், விகுதி யோசிப்பதற்குள் வந்துவிடுகிறது. அதைச் சின்ன வயதிலேயே பழகிவிட்டோம்.

பழக்கியவர்கள் விதி சொல்லிப் பழக்கவில்லை. குழந்தை "தாத்தா வந்தான்" என்றால், "தாத்தா வந்தாங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள், அவ்வளவுதான். திருவிழா நேரத்தில் அப்படி ஒன்றைக் கேட்டேன். தண்ணீர்ப் பந்தல் பக்கம் நின்ற ஒரு சிறுமி, பட்டுப்புடவையும் மல்லிகையுமாக வந்த திருநங்கையைக் காட்டி, "அது யாரும்மா?" என்றாள். அம்மா அதட்டவில்லை. பாட்டிலில் தண்ணீர் பிடித்தபடியே, "அவங்க சாமிக்கு வந்திருக்காங்க" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை கேட்டது:

"அவங்க எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க?"

"போய்க் கேளு, சொல்லுவாங்க."