கட்டை வெட்டப் போன பிள்ளை

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழர்கள், எங்கள் ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகும் பையன்கள் கட்டை வெட்டப் போவது நிற்கவில்லை. உயிர்மேல் ஆசையே இல்லையா என்று கீழே போளூரில் கேட்கிறார்கள். மலையில் பாட்டிமார் சொல்வது, “அவன் தலையெழுத்து டீச்சர்.”

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் பாடம் நடத்தும் எனக்கு அந்தப் பதிலில் மனம் ஆறவில்லை. என் வகுப்பில் ஒருவன் இருந்தான். சாமை அறுப்பு முடிந்ததும் பெற்றோர் காபித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். ஆறு வயதிலேயே தங்கச்சிக்குச் சோறாக்கிப் போட்டவன். மதியச் சோற்றில் பாதியைத் தட்டால் மூடி, பெட்டிக்கடியில் தள்ளி வைப்பான். ராத்திரிக்கும் உண்டு என்று எத்தனை முறை சொன்னாலும் வைப்பான். பத்தாவது முடித்தால் வேலை கிடைக்கும் என்றேன். அதுவும் அவனுக்கு ராத்திரிச் சோறுதான். கட்டை வெட்ட மேஸ்திரி தந்த அட்வான்ஸோ கையில் இருந்தது. போய்விட்டான்.

ஏன் என்று தேடியபோது, அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தேன். சான் டியாகோவில் காப்பீடு உள்ள, பெரும்பாலும் வசதியான மனிதர்களிடம், சிறு வயதில் பட்ட அடியையும் வீட்டில் பார்த்த குடியையும் கேட்டுக் கணக்கெடுத்த ஆய்வு. நான்கு வகைத் துன்பமாவது பட்டவர்களிடம் குடியும் போதையும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு இருந்தன. மலையில் மட்டும் நடப்பதில்லை இது என்று தெரிந்தது. கூடவே பயமும் வந்தது: பட்ட துன்பங்களைக் கூட்டி ஓர் எண்ணைப் போட்டு, இவன் இப்படித்தான் ஆவான் என்று முடிவு கட்டினால், அதற்கும் தலையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்? தனி ஒருவரை எடைபோட அந்த எண் உதவாது என்று ஆண்டாவே 2020இல் எச்சரித்து எழுதினார்.

ஊழுக்கு 38ஆம் அதிகாரம் வைத்த வள்ளுவர், முயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமைக்கு 62ஆவதை வைத்தார். இரண்டையும் நம்புகிறேன். ஆனால் முயற்சி செய் என்று சொல்லுமுன், நாளை என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குப் பெரியவர்கள் கொடுத்திருக்க வேண்டும்.

கட்டை வெட்டப் போய்ப் பிடிபட்டு, ஜாமீனில் வந்த அந்தப் பையன் கேட்டான்: “மரத்த வெட்டினது பாவமா டீச்சர்?”

தப்புதான், உன் பங்கும் உண்டு என்றேன். ஆனால் முதல் பங்கு உன்னுடையதில்லை. அட்வான்ஸ் கொடுத்தவனுக்கு, கட்டையைக் கப்பலேற்றியவனுக்கு, ஆறு வயதில் உன்னை அடுப்பு முன்னால் தனியே விட்ட எங்கள் எல்லோருக்கும் பிறகுதான் நீ.

“அப்போ கேஸு என்மேல மட்டும் ஏன் டீச்சர்?” என்றான்.