வாதாட ஓர் ஆள்

தென் கொரிய ஓவியர் ஜூ ஹோ-மின் 2010இல் நேவர் இணையதளத்தில் 'கடவுளரோடு' என்ற படக்கதைத் தொடரைத் தொடங்கினார். முதல் பாகத்தில் சாகிறவன் கிம் ஜா-ஹோங். பெரிய தர்மவானும் இல்லை, கொடியவனும் இல்லை. கல்யாணம் ஆகாத அலுவலக ஊழியன். வேலைக்காகக் குடித்துக் குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டு நடுவயதில் போய்ச் சேருகிறான். எமதூதர்கள் வந்து அழைத்துப்போகிறார்கள். 49 நாளில் ஏழு நீதிமன்றங்களைத் தாண்டியாக வேண்டும்.

இந்த ஏற்பாடு பழையது. கொரிய பௌத்தக் கோயில்களில் இறந்தோருக்கென்று தனி மண்டபம் உண்டு. நடுவில் க்ஷிதிகர்ப்ப போதிசத்துவர், இருபுறமும் பத்து நீதியரசர்கள். அந்த 49 நாள் விசாரணை முதல் ஏழு பேருடையது. பத்துப் பேரில் ஐந்தாமவர் நம் எமனேதான். பௌத்தத்தோடு சீனம் போய், அங்கே நீதிபதிக் கோலம் பூண்டு கொரியா சேர்ந்தவர். அவர் முன்னால் ஒரு கண்ணாடி. வாழ்நாளில் செய்ததெல்லாம் அதில் தெரியும். நரகச் சித்திரங்களில் ஒன்று என்னை விடவே இல்லை: நாவால் பாவம் செய்தவனின் நாக்கை வெளியே இழுத்து வயலைப்போல் விரித்து, மாடு பூட்டி உழுகிறார்கள்.

இவ்வளவையும் எடுத்துக்கொண்ட ஜூ ஹோ-மின், கிம் ஜா-ஹோங்குக்குத் துணையாக ஒரு வழக்கறிஞரைத் தருகிறார். ஜின் கி-ஹான் என்ற அந்த இளைஞர், ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் அவன் கூடவே நடந்து, நீதியரசர்கள் முன் அவனுக்காக வாதாடுகிறார். நம் மரபில் சித்திரகுப்தன் கணக்கு எழுதுவார், எமன் தீர்ப்புச் சொல்வார். நடுவே நமக்காக ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இந்த வழக்கறிஞர் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனார்.

2017இல் இயக்குநர் கிம் யோங்-ஹ்வா இதைப் படமாக்கினார். கொரியாவில் மட்டும் 1.4 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. படத்தில் கிம் ஜா-ஹோங் ஒரு குழந்தையைக் காப்பாற்றி உயிர்விடும் தீயணைப்பு வீரன். வழக்கறிஞரைத் தனிப் பாத்திரமாக வைக்காமல், அந்த வேலையை எமதூதர் தலைவனிடமே கொடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம். உயிரைக் கொடுத்துப் பிள்ளையைக் காத்தவனுக்காக ஊரே பேசும். ஒன்றும் சாதிக்காமல், யாரையும் பெரிதாகக் கெடுக்காமல் வாழ்ந்து முடித்தவனுக்காக யார் பேசுவது? மூலக்கதை கேட்ட கேள்வி அது. நம்மில் பெரும்பாலோருக்கும் உரிய கேள்வி.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு காசாளர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். மாதக் கடைசியில் முன்பணம் கேட்டு எழுதிக் கொடுத்தவர்களைக் கவுன்ட்டர் முன்னால் நிற்க வைக்கமாட்டார். பணத்தைப் பழுப்பு உறையில் போட்டு, ஏதோ கோப்பு கொடுக்க வந்தவர்போல மேசைக்கே வந்து வைத்துவிட்டுப் போவார். வாங்குகிறவர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். எந்தப் பேரேட்டிலும் இது ஏறியிருக்காது. அவர் இறந்தபோது துக்க வீட்டில் அவருடைய மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா இப்படியெல்லாம் செய்வாரா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த அப்பா, வீட்டில் சிடுசிடுவென்று இருந்தவர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். ஆனால் ஒரு பாதிக்கு மட்டும் சாட்சி இருந்தது.

கொரிய பௌத்தர்கள் இறந்தவருக்காக ஏழு நாளைக்கு ஒருமுறை கோயிலில் சடங்கு செய்கிறார்கள். மறுமையில் ஒவ்வொரு நீதிமன்றமாக விசாரணை நடக்கும் நாளில் இங்கே சொந்தக்காரர்கள் கூடி ஓதுகிறார்கள். 49ஆம் நாள் பெரிய சடங்கு. மறுமையை நம்பாதவர்க்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். செத்தவருக்காகப் பேசும் கடமை இருக்கிறவர்களுடையது. குற்றம் சொல்ல எப்போதும் ஆள் கிடைக்கும், அதற்கு யாரையும் தேட வேண்டாம். நல்லதைத்தான் யாராவது நினைவில் வைத்திருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தமுறை துக்கம் கேட்கப் போகும்போது, இறந்தவர் உங்களுக்குச் செய்த ஒரு காரியத்தை அவர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.