இணையச் சூதாட்டத்தில் பொறுப்பு யாருடையது

இணையத்தில் பணம் வைத்து ஆடுபவர் தம் ஆட்டத்தைத் தம் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது சூதாட்ட நிறுவனங்களே சொல்லும் அறிவுரை. இந்தியாவில் 2020 டிசம்பரிலிருந்து, பண இழப்பு நேரலாம், பழக்கம் அடிமையாக்கலாம், பொறுப்புடன் ஆடுங்கள், விளைவு உங்களுடையது என்ற பொருள்பட ஓர் எச்சரிக்கை ரம்மி விளம்பரங்களின் இறுதியில் கட்டாயமாக இடம்பெற்றது. ஒரு குரல் அதை அவசர அவசரமாகப் படித்து முடிக்கும். எச்சரிக்கை தேவையானதுதான். ஆனால் அதன் கடைசிப் பகுதி ஒரு தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது: கெட்டால் கெட்டவரே காரணம். அந்தத் தீர்ப்பு நியாயமானதா, ஆடுபவரின் பொறுப்பு எதுவரை, ஆட்டத்தை நடத்துபவரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பவையே இங்கு எடைபோட வேண்டியவை.

முதலில் கணக்கு. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 கட்டங்கள் உண்டு. ஒரே எண்ணில் பணம் கட்டி வென்றவருக்குக் கிடைப்பது கட்டியதைப் போல 35 மடங்கும், கட்டிய தொகையும். நியாயமான ஆட்டமென்றால் 36 மடங்கு கிடைத்திருக்க வேண்டும். அந்த ஒரு மடங்குதான் சூதாட்ட விடுதியின் வருமானம். கட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு. ரம்மியில் நிறுவனம் ஆட்டக்காரரை எதிர்த்து ஆடுவதில்லை. மேசையில் சேரும் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆறு பேர் தலா 100 ரூபாய் வைக்கிறார்கள், நிறுவனம் பத்தில் ஒரு பங்கை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 60 ரூபாய் போகும். பத்துச் சுற்று முடிகையில் மேசையைவிட்டு வெளியேறியிருப்பது 600 ரூபாய், அதாவது ஆறு பேரும் முதல் சுற்றில் வைத்த மொத்தப் பணம். அதுவரை யார் திறமையாக ஆடினார், யார் சொதப்பினார் என்பதால் இந்தத் தொகை ஒரு ரூபாயும் மாறுவதில்லை.

இந்தக் கணக்கு பழையது. புதிது வேகம். மனமகிழ் மன்றத்துச் சீட்டாட்டத்தில் ஒருவர் கலைப்பார், ஒருவர் வெட்டுவார், தேநீர் வரும், பேச்சு வரும், மன்றத்தை மூடும் நேரமும் வரும். கைப்பேசியில் இவை எதுவும் இல்லை. மேசையில் மணிக்கு 40 முறை சுற்றும் ரூலெட்டில் ஒவ்வொரு முறையும் 100 ரூபாய் கட்டுபவர் சராசரியாக இழப்பது சுமார் 108 ரூபாய். அதே ஆட்டம் திரையில் பத்து நொடிக்கு ஒருமுறை சுற்றினால் இழப்பு மணிக்கு 970 ரூபாயைத் தாண்டும். பந்தயத் தொகையும் விதியும் மாறவில்லை. நின்று யோசிக்கக் கிடைத்த இடைவெளிதான் பறிபோனது. கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, ஒழுங்காகக் கிடைக்கும் பரிசைவிட அதிகமாக ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே சோதனைகளில் காட்டினார். படங்கள் சுழன்று நின்று பரிசைத் தீர்மானிக்கும் ஸ்லாட் ஆட்டங்கள் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. 10 ரூபாய் கட்டி 4 ரூபாய் திரும்ப வந்தால் அது 6 ரூபாய் நஷ்டம். திரையோ விளக்குகளை மினுக்கி, வெற்றி இசையை முழக்கும். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபரில் இணைய ஸ்லாட்டுகளில் இந்தப் பொய்க் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. ஒரு சுற்று இரண்டரை நொடிக்குக் குறையக்கூடாது, ஆட்டம் தானாகவே தொடர்ந்து சுழலும் வசதி கூடாது என்ற விதிகளும் அப்போதே வந்தன. ஆட்டக்காரரின் மன உறுதியில் தலையிடாமல் இயந்திரத்தைத் திருத்திய விதிகள் இவை. எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்து எழுதப்பட்டவை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆடுபவரின் கடமை இல்லாமல் போவதில்லை. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் ஆட முடிவெடுக்கும் ஒருவர் காக்க வேண்டிய எல்லைகள் தெளிவானவை. கட்டும் பணம் முழுவதும் தொலைந்தாலும் வீட்டில் எவருடைய சோறும் படிப்பும் மருந்தும் குறையக்கூடாது. கைமாற்று, கடன் அட்டை, கடன் செயலி, அடகு வைத்த நகை ஆகியவற்றிலிருந்து வந்த பணம் ஆட்டத்துக்குள் போகவே கூடாது. தொகைக்கும் நேரத்துக்கும் வரம்பை ஆட்டத்துக்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கையில் குறித்து, செயலியிலேயே பூட்டிவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் எடுக்கும் முடிவை நம்ப முடியாது. அப்போது முடிவெடுப்பது முந்தைய சுற்றின் வலியோ மகிழ்ச்சியோதான். வீட்டாரிடம் மறைத்து ஆடுவது தொடங்கிவிட்டால், தொகை எவ்வளவு சிறியதானாலும் எல்லை கடக்கப்பட்டுவிட்டது. சம்பளம் ஒருவர் பெயரில் வந்தாலும் அது பல வயிறுகளின் பணம் என்பதால், தன் பணம் தன் இஷ்டம் என்ற வாதம் குடும்பத்துக்குள் செல்லாது.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைப் பற்றியது. அது தோற்றவனிடமிருந்து தொடங்கவில்லை. முதல் எச்சரிக்கையே வெல்பவனுக்குத்தான். அந்த வரிசை ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் கிடைக்கும் வெற்றிதான் பின்னால் வரும் இழப்புகளையெல்லாம் தற்காலிகமானவையாக நம்பவைக்கிறது. அந்த நம்பிக்கையிலிருந்தே 'விட்டதைப் பிடிக்க வேண்டும்' என்ற வெறி பிறக்கிறது. விட்டதைப் பிடிக்க ஆடுபவர் வழக்கத்தைவிடப் பெரிய தொகையைக் கட்டுவார், நள்ளிரவில் கட்டுவார், கடன் வாங்கிக் கட்டுவார். அந்த நிலையில் அவரிடம் போய்க் கட்டுப்பாட்டுடன் ஆடச் சொல்வதில் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு சூதாட்டக் கோளாற்றை ஒரு நோயாகவே பட்டியலிடுகிறது. ஆட்டத்தின் மீதான கட்டுப்பாடு குலைவதே அதன் முதன்மை அடையாளம். எதை இழந்ததால் ஒருவர் நோயாளி ஆனாரோ அதையே அவரிடம் மருந்தாகக் கேட்பது பொருந்தாது.

இங்கேதான் நடத்துபவரின் பொறுப்பு முன்னால் வருகிறது. தெருமுனையில் மூன்று சீட்டு விரிப்பவனுக்குத் தன் முன் நிற்பவர் யாரென்று தெரியாது. இணைய நிறுவனத்துக்கு எல்லாம் தெரியும்: யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை முறை பணம் போட்டார், தோற்ற பிறகு தொகையை இரட்டிப்பாக்கினாரா, எடுக்கச் சொன்ன பணத்தை ரத்து செய்து மீண்டும் ஆட்டத்தில் வைத்தாரா என்பதெல்லாம் அதன் கணினியில் நொடிக்கு நொடி பதிவாகின்றன. இதே பதிவைக் கொண்டுதான் ஆடாமல் விட்டவருக்கு போனஸ் ஆசை காட்டும் செய்தி போகிறது. ஒருவரை அழைக்கப் பயன்படும் அறிவு அவரை நிறுத்தவும் பயன்படும். நிறுத்தாததற்கு அறியாமையைக் காரணம் சொல்ல நிறுவனத்துக்கு வழியில்லை. பிரிட்டன் பிரபுக்கள் அவையின் குழு ஒன்று 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், இத்துறையின் லாபத்தில் 60 விழுக்காடு, ஏற்கெனவே சிக்கலில் இருக்கும் அல்லது சிக்கலின் விளிம்பில் இருக்கும் 5 விழுக்காட்டினரிடமிருந்து வருவதாகக் கூறியது. எல்லோரும் உண்மையிலேயே பொறுப்புடன் ஆடினால் அந்த வணிகத்தின் பெரும்பகுதி சரிந்துவிடும். ஆகவே 'பொறுப்புடன் ஆடுங்கள்' என்று சொல்லும் நிறுவனம் தன் வருமானத்துக்கு எதிரான ஓர் அறிவுரையை வழங்குகிறது. அதை முழு மனதோடு நிறைவேற்றும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியான தம் சுதந்திரம் பற்றிய நூலில் இதே முடிச்சைத் தொட்டார். ஒருவர் சூதாடுவதைச் சமூகம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. சூதாட்ட விடுதி நடத்தும் சுதந்திரம் ஒருவருக்கு உண்டா என்ற இடத்தில்தான் தயங்கினார். முதன்மையாகச் செய்பவரை விட்டுவிட்டுத் துணைபோனவரை மட்டும் தண்டிப்பது அறத்தில் ஒரு முரணல்லவா என்ற கேள்வியை முடிவு சொல்லாமலே விட்டார். அவர் காலத்து விடுதிக்கு அந்தத் தயக்கம் பொருந்தலாம். இன்றைய செயலி இடம் மட்டும் கொடுக்கும் துணை இல்லை. ஆட்டத்தின் வேகம், ஒலி, பரிசு, அழைப்பு எல்லாவற்றையும் அதுவே வகுக்கிறது. முதன்மையாகச் செய்பவர் யார் என்ற கேள்விக்கே விடை மாறிவிட்டது.

இந்தியச் சட்டங்கள் இந்த இடத்துக்கு வந்து சேரக் காலம் பிடித்தது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு இணைய நிறுவனங்கள் அந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடித்தன. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் இன்னொரு சட்டம் நிறைவேறி, ஆளுநர் திருப்பியனுப்ப, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் அந்தத் தடைக்குள் வராது என்றது.

திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்காடல் சட்டத்துக்கு முக்கியமானது. அறத்துக்கு அது பக்கக் கேள்விதான். திறமை என்ற நம்பிக்கை சில சமயம் கேட்டை அதிகமாக்கவும் செய்கிறது. லாட்டரியில் தோற்றவர் விதியை நொந்துகொண்டு போகலாம். ரம்மியில் தோற்றவரோ அடுத்த முறை சரியாக ஆடி மீட்டுவிடலாம் என்று நினைப்பார். அதற்கு முடிவே இல்லை.

2025இல் தமிழ்நாட்டின் இணைய ஆட்ட ஒழுங்குமுறை ஆணையம் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை பண ஆட்டங்களை நிறுத்தச் சொன்னது. ஆதார் வழியாக வயதைச் சரிபார்க்கவும் சொன்னது. அவ்வாண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதி செய்தது. தடைக்கும் தாராளத்துக்கும் நடுவில் நின்ற நல்ல முயற்சி அது. எவ்வளவு தூரம் பலன் தந்திருக்கும் என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றி எல்லா இணையப் பண ஆட்டங்களையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை, 50 லட்சம் வரை. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை வைத்திருந்தது. இரண்டில் மத்திய சட்டத்தின் பார்வையே நேரானது. தண்டனைக்கு அஞ்சுபவர் உதவி கேட்டு வாய் திறக்கமாட்டார்.

தடை வந்துவிட்டதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பல தளங்களுக்கு வயது வரம்பும் இல்லை, தொகை வரம்பும் இல்லை. வென்ற பணம் வராவிட்டால் முறையிட இடமும் இல்லை. அத்தகைய தளத்தில் பொறுப்புடன் ஆடுவது என்று ஒன்று கிடையாது. விலகியிருப்பது ஒன்றே வழி. ஆட்டம் சட்டப்படி நடக்கும் நாடுகளில் கருவிகள் உண்டு. பிரிட்டனில் கேம்ஸ்டாப், ஆஸ்திரேலியாவில் 2023 முதல் பெட்ஸ்டாப் ஆகிய பதிவேடுகளில் ஒருவர் தம் பெயரைச் சேர்த்தால் உரிமம் பெற்ற எல்லா இணைய நிறுவனங்களும் அவருக்குக் கதவடைக்க வேண்டும். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவரைச் சூதாட்ட விடுதிக்குள் விடாமல் தடுக்கும் ஆணையை அவருடைய குடும்பத்தாரே விண்ணப்பித்துப் பெற வழி செய்திருக்கிறது. தனிமனித உரிமையில் இது தலையீடு என்ற எதிர்ப்பு நியாயமற்றதல்ல. ஆனால் கடன் வசூலிக்க வருபவர் தட்டுவது குடும்பத்தின் கதவை. சுமையில் பங்கு உள்ளவருக்குத் தடுப்பதிலும் பங்கு இருக்க வேண்டும்.

இத்தகைய ஆணை இல்லாத இடங்களில் அந்த வேலை குடும்பத்தின் கையில்தான். தோற்றவரின் கடனை ஓசைப்படாமல் ஒரே தவணையில் அடைத்துவிடுவது பாசத்தால் செய்யப்படுவது. பல நேரங்களில் அதுவே அடுத்த சுற்றுக்கான கடன் கணக்கைத் திறந்துவிடுகிறது. எல்லாக் கடன்களையும் எழுதிவைத்த முழுப் பட்டியலே முதல் தேவை. மறைத்த கடன் ஒன்று மிச்சமிருந்தாலும் அதை அடைக்க மீண்டும் ஆட்டத்துக்குப் போவார் என்பதால், திட்டித் தீர்த்து அவர் வாயை அடைப்பது ஆபத்து. சம்பளக் கணக்கையும் யுபிஐ கடவு எண்ணையும் சில காலம் அவர் சம்மதத்துடன் நம்பகமான இன்னொருவர் வைத்துக்கொள்ளலாம். கடன் செயலிகளை மூட வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அதை மிரட்டலென்று தள்ளாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவிலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.