தூக்குக்குண்டின் தெய்வம்

எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் முகப்பில் தொங்கும் திருஷ்டி பொம்மையையும், ஆயுத பூஜையன்று கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடப்பெற்ற கரண்டியையும் மட்டப்பலகையையும் காண்போர், இவை அச்சத்தின் விளைவா, பக்தியின் வெளிப்பாடா என்று வினவுவதுண்டு. அச்சம் என்று சொல்லிவிடுவது எளிது. சவுக்குக் கழிகளாலான சாரத்தின்மேல் வெறுங்காலுடன் நிற்பவனுக்கு அச்சம் இயல்பன்றோ!

ஆயினும், முதிய கொத்தனார் ஒருவர் தூக்குக்குண்டைக் கண்களில் ஒற்றிக்கொண்ட பின்னரே நூலை இறக்கியதையும், குண்டு ஆடி ஓய்ந்து அசைவற்று நிற்கும்வரை தம் மூச்சையும் அடக்கிக்கொண்டதையும் நான் அருகிருந்து கண்டிருக்கிறேன். உடையவரின் செல்வமோ மேஸ்திரியின் அவசரமோ இம்மியும் வளைக்கவொண்ணாத அந்த நேர்கோட்டின் முன் அவர் காட்டிய பணிவு, சத்தியத்திற்குச் செய்த வழிபாடென்றே நான் கொள்கிறேன்.

6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில், மனையடியில் கிடக்கும் வாஸ்து புருஷனையும், அவனை அழுத்தி அமர்ந்துள்ள தேவர்களையும் விவரிக்கிறார். பூமியைப் பிளப்பது பொறுத்தருள வேண்டிய செயல் என்னும் உணர்வு, அவனை முன்னிட்டுச் செய்யும் வாஸ்து பூஜையில் உண்டு. பூஜையில் அமர்பவர் மனைக்கு உரியவரே. கடப்பாரையை இறக்கும் கரமோ பிறருடையது. அப்பூஜையின் புண்ணியம் எவரைச் சாரும்?

கிரகப்பிரவேசத்தன்று பசுவும் கன்றும் முதலில் நுழைகின்றன. அதற்கு முன்பே, பூச்சுக் காணாத அறையில் சிமெண்டுச் சாக்கை விரித்துப் பல இரவுகள் உறங்கி எழுந்தவர்கள், அந்நேரம் வேறொரு மனையில் வானம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.