பழக்கம் என்னும் திரை

சித்திரை மாதத்து நடுப்பகல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் பால்கோவா வாங்கக் காத்திருந்தேன். பின்கட்டில் விறகு அடுப்பின் முன் ஒருவர் நின்று, பாலும் சர்க்கரையும் இறுகி வரும் வரை, அகன்ற இரும்புச் சட்டியில் ஓயாமல் கிளறிக்கொண்டிருந்தார்.

"அவருக்குச் சுடாதா மாமா?" என்று கேட்டாள் உடன் வந்த சிறுமி.

"அவருக்குப் பழக்கம் அம்மா" என்றேன்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "பழக்கந்தான் பாப்பா. ஆனா, போன வருசம் ஒரு மாசம் காய்ச்சல்ல படுத்துட்டு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாதிரியே தலை சுத்துச்சு."

அவர் சொன்னதைத்தான் உடலியலும் சொல்கிறது. வெப்பத்தில் நாள்தோறும் உழைப்பவரின் உடல் ஒன்றிரண்டு வாரங்களில் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கிறது, மிகுதியாகவும் சுரக்கிறது, அதில் உப்புக் குறைகிறது. இதயத் துடிப்பு நிதானப்படுகிறது. ஆனால் சில வாரங்கள் விலகியிருந்தால் இந்தத் தேர்ச்சி கரைந்துபோகிறது. பழக்கம் என்பது சேர்த்து வைத்த சொத்து அன்று. அன்றாடம் உழைத்து ஈட்டும் கூலி.

அன்று மாலை ராஜபாளையம் சென்றோம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் நூற்பாலை தொடங்கிய ஊர் அது. ஆலைகளைக் கண்டதும், நூற்புத் தொழிலின் விசித்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது. காற்று வறண்டால் இழை அறுந்துவிடும். ஆகவே எந்த ஊர் நூற்புக்கூடமானாலும் காற்றில் ஈரம் குறையாமல் காக்கிறார்கள். மனிதன் குளிர்வதோ வியர்வை உலர்வதால். ஈரக் காற்றில் வியர்வை உலராமல் சொட்டி வீணாகிறது. நூலுக்கு இதமான காற்று நூற்பவருக்கு இதமாக இருப்பதில்லை. இழை அறுந்தால் உடனே தெரிகிறது. யாராவது ஓடிப்போய்ப் பிணைக்கிறார்கள். மனிதன் தாங்கிக்கொள்கிறான், ஆகையால் அவனுக்கு நேர்வது தெரிவதில்லை.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சென்ற நூற்றாண்டில், புதிதாகச் சேர்ந்தவர்களை வெப்பமும் ஈரமும் நிறைந்த அறையில் பல நாள் படி ஏறி இறங்கச் செய்து, உடலைப் பழக்கிய பிறகே ஆழத்துக்கு அனுப்பினார்கள். அதனால் உயிர்கள் பிழைத்தன. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் மனிதனைச் சுரங்கத்துக்கு ஏற்றவனாக்கிவிட்டால், சுரங்கத்தை மனிதனுக்கு ஏற்றதாக்கும் அவசரம் குறைந்துவிடாதா?

பழக்கத்துக்கு எல்லையும் உண்டு. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரை ஆராய்ந்தவர்கள், வெயிலிலேயே வாழ்ந்து பழகியவர்களிடமும் சிறுநீரகம் பழுதுபடுவதைக் கண்டிருக்கிறார்கள். உடல் பணிவதை நாம் உடன்பாடு என்று எடுத்துக்கொள்கிறோம். "எனக்குப் பழகிவிட்டது" என்று உழைப்பவர் சொன்னால் அது மன உறுதி. அதே சொல்லை நிழலில் நிற்பவன் அவருக்காகச் சொன்னால், அது தன் மனச்சாட்சிக்குப் போட்டுக்கொள்ளும் திரை.

பேருந்தில் திரும்பும்போது சிறுமியிடம், "அவருக்கும் சுடத்தான் செய்யும் அம்மா" என்றேன்.

"அப்போ ஏன் பழக்கம்னு சொன்னீங்க?"

என் மடியில் பால்கோவாப் பொட்டலம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நான் பதில் சொல்லவில்லை.